புதிருக்கும் நேர்மை வேண்டும்

வாசகர்களே, ஒரு சிறு கேள்வியுடன் தொடங்குவோம். குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றில் "அழுகின்ற குழந்தையை அமைதிப்படுத்துவது" என்று ஒரு குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடைக்கு மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் 'பா' என்றும் இரண்டாவதில் 'ட்' என்றும் முன்பே நிரம்பிவிட்டன. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. அதன் குறுக்கே வேறு சொல் எதுவும் செல்லவில்லை. விடை என்ன?

'பாட்டு' என்பார் ஒருவர். 'பாட்டி' என்பார் இன்னொருவர். இரண்டுமே பொருந்துகின்றன. ஆனால் போட்டி நடத்துபவர் உறையிலிட்டு முத்திரை வைத்திருக்கும் தாளில் ஒரு விடைதான் இருக்கும். அது 'பாட்டி' என்றால், 'பாட்டு' என்று எழுதியவருக்குப் பரிசு கிடையாது. தம்முடைய விடை ஏன் தவறு என்று அவர் கேட்டாலும் அதற்குப் பதில் சொல்ல எவராலும் இயலாது. ஏனெனில் அது தவறன்று.

ஒரே புதிரில் இத்தகைய குறிப்புகள் பத்து இருந்தால் என்ன ஆகும்? 2ஐப் பத்து முறை அடுக்கிப் பெருக்கினால் 1,024. எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும், அந்த 1,024 வழிகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட வேண்டியதுதான். இக்குறிப்பை நான் விளக்கத்திற்காகப் புனைந்தேன். ஆனால் இம்முறையில் அமைந்த பரிசுப் போட்டிகள் நம் நாட்டில் ஒரு காலத்தில் நுழைவுக் கட்டணத்துடன் பெருவாரியாக நடைபெற்றன. அவற்றைக் கட்டுப்படுத்த 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. மாதமொன்றுக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று அச்சட்டம் வரம்பு கட்டியது. பெங்களூரில் அச்சாகிப் பம்பாய் மாகாணத்திலும் பரவியிருந்த ஒரு குறுக்கெழுத்துப் போட்டியைப் பற்றிய வழக்கில், அது சூதாட்டத் தன்மை உடையது என்று உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருக்கிறதா, அன்றித் தற்செயலைச் சார்ந்திருக்கிறதா என்பதே அங்கு எழுந்த வினா.

அந்த வினாவையே நாமும் எடுத்துக்கொள்வோம். புதிர் எப்போது அறிவுக்கு வேலை தருகிறது? எப்போது வெறும் சூதாகிறது? இங்கிலாந்தில் வளர்ந்த மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிரின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அந்த விடையை வகுத்ததில் புதிரை அமைத்தவர்களுக்கு உள்ள அளவு பங்கு, விடுவித்தபின் அதைப் பற்றி விவாதித்தவர்களுக்கும் உண்டு.

மூன்று சாட்சிகள்

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்த நாள் 1913 டிசம்பர் 21. 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் அதை வெளியிட்டார். அவர் லிவர்பூலில் பிறந்தவர். அப்புதிரின் குறிப்புகள் நேரானவை. சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் விடை வந்துவிடும். கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றபின் குறிப்புகள் வேடம் புனையத் தொடங்கின. மேலெழுந்தவாரியாகப் படித்தால் ஒரு பொருள், கூர்ந்து பிரித்தால் வேறு பொருள். இதுவே மறைகுறிப்பு.

இதன் அமைப்பைத் தமிழிலேயே காண்போம். கீழ்வரும் குறிப்புகளில் அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்துகளின் எண்ணிக்கை.

"அநேகக் கரம் சேர்ந்தால் தச்சன் இழைப்பது (3)". விடை, பலகை. அநேகம் என்றால் 'பல', கரம் என்றால் 'கை', சேர்ந்தால் 'பலகை'. தச்சன் இழைப்பதும் அதுவே.

"கவலையின் நடு நீங்கினால் சிற்பம், ஓவியம் முதலியவை (2)". 'கவலை' என்ற சொல்லின் நடு எழுத்தை நீக்குங்கள். 'கலை' எஞ்சும்.

"கொண்டுவந்த வளையலில் ஒளிந்து மழைக்காலத்தில் கத்தும் (3)". 'வந்த வளையல்' என்ற தொடருக்குள்ளேயே 'தவளை' உட்கார்ந்திருக்கிறது. கண்டீர்களா?

இக்குறிப்புகள் ஒவ்வொன்றிலும் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று விடையின் பொருளைச் சொல்கிறது. மற்றொன்று அச்சொல்லைக் கட்டும் வழியைச் சொல்கிறது. பொருளால் ஒரு சொல்லை ஊகிக்கிறோம். கட்டும் வழியால் அதைச் சரிபார்க்கிறோம். இவ்விரு சாட்சிகளோடு, குறுக்கே செல்லும் சொற்கள் தரும் எழுத்துகள் மூன்றாவது சாட்சியாக வருகின்றன. மூன்றும் ஒத்துப்போனால் விடையை உறுதி செய்ய எவருடைய உறையையும் பிரிக்க வேண்டியதில்லை. 'பாட்டு–பாட்டி' குறிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே தீர்ப்பு நடத்துபவரின் கையில். இங்கே தீர்ப்பு குறிப்புக்குள்ளேயே.

ஒரு விவாதம்

சாட்சிகளில் ஒன்று பொய்த்தால் என்ன நேரும் என்பதையும் பார்ப்போம். அண்ணனும் தங்கையும் ஒரு புதிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "தகுதி குலைந்தால் வாசலை அடைக்கும் (3)" என்பது குறிப்பு.

"கதவு" என்கிறான் அண்ணன்.

"வாசலை அடைப்பது சரி. தகுதி எங்கே வந்தது, அண்ணா?"

"தகுதிக்குத் 'தகவு' என்று ஒரு சொல் உண்டு. அதன் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் கதவு வரும்."

"தகுதிக்குத் தரம், தகைமை, அருகதை என்று எத்தனையோ சொற்கள் உண்டே! அவற்றில் தகவைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? விடை தெரிந்தவனுக்குத்தானே அது தெரியும்?"

தங்கையின் வாதம் சரியானது. இங்கே நாம் முதலில் ஒரு சொல்லை ஊகித்து, பிறகு அதன் எழுத்துகளைக் கலைக்க வேண்டியிருக்கிறது. கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்முன் இல்லை. விடையிலிருந்து பின்னோக்கி நடந்தால் மட்டுமே வழி தெரிகிறது; குறிப்பிலிருந்து முன்னோக்கி நடக்க வழியில்லை. இதையே "தகவு குலைந்தால் வாசலை அடைக்கும்" என்று எழுதியிருந்தால் குறை நீங்கிவிடும். ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் முன்னது ஊகம், பின்னது நிரூபணம்.

ஆங்கிலப் புதிர் உலகில் இத்தகைய விவாதங்கள் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. கருத்துவேற்றுமை பெரும்பாலும் "இது கடினமா?" என்பதைப் பற்றியதன்று. "இது நியாயமா?" என்பதே கேள்வி. இரண்டையும் ஒன்றென்று கருதுவதுதான் புதிரைப் பற்றி நம்மிடையே நிலவும் பெரிய மயக்கம்.

விசாரணையாளர்களின் வழிமுறை

லண்டனிலிருந்து வரும் 'அப்சர்வர்' வார இதழில் 1926 முதல் 1939 வரை புதிர் அமைத்தவர் எட்வர்டு பாவிஸ் மாதர்ஸ். அவர் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். அவர் சூடிக்கொண்ட புனைபெயர் டார்க்கெமாடா. ஸ்பெயினில் சமய விசாரணை என்ற பெயரால் மக்களை வதைத்த மன்றத்தின் தலைவனுடைய பெயர் அது! வாசகனை வதைப்பதே தம் தொழில் என்று அவர் வேடிக்கையாக அறிவித்துக்கொண்டார் போலும்.

டார்க்கெமாடாவின் கற்பனை வளத்தை எவரும் மறுக்க முடியாது. புதிர் முழுவதையும் மறைகுறிப்புகளாலேயே அமைக்கும் வழியைத் திறந்துவிட்டவர் அவரே. ஆயினும் அவருடைய முறையில் ஒரு குறை உண்டு. சில குறிப்புகளில் பொருளைச் சொல்லும் பகுதி மிகவும் மங்கலாக இருக்கும். வேறு சில, ஆசிரியர் படித்த நூல்களையே வாசகனும் படித்திருந்தாலன்றித் திறக்கா. இங்கே வாசகனுடைய பகுத்தறிவைவிட அவனுடைய புத்தக அலமாரிதான் அதிகம் சோதிக்கப்படுகிறது. இது கடினம்தான், ஆனால் பூட்டிய வீட்டின் சாவியை ஆசிரியரே எடுத்துச் சென்றுவிட்டதால் வந்த கடினம்.

இக்குறையை உணர்ந்து முதலில் விதி வகுத்தவர்களில் ஒருவர் ஏ. எஃப். ரிட்சி. தம் பெயரின் எழுத்துகளையே சேர்த்து, அரபுக் கதைகளில் வரும் பூதத்தின் பெயரான 'ஆப்ரிட்' என்பதைப் புனைபெயராக்கிக்கொண்டவர். 1949இல் வெளிவந்த தம் புதிர் நூலில் அவர் கூறிய கொள்கை எளிமையானது. புதிராசிரியர் தம் உட்கருத்தை மறைத்துப் பேசலாம். ஆனால் அவர் எழுதிய சொற்களுக்கு, நேரே பிரித்துப் படித்தால், அந்த உட்கருத்து பொருளாக வந்தே தீரவேண்டும். திசைதிருப்பலாம், பொய் சொல்லலாகாது.

டார்க்கெமாடா மறைந்தபின் 1939இல் 'அப்சர்வர்' புதிரை ஏற்றவர் டெரிக் சாமர்செட் மக்நட் என்ற பள்ளி ஆசிரியர். அவரும் ஒரு விசாரணைத் தலைவரின் பெயரையே, ஜிமெனிஸ் என்று சூடிக்கொண்டார். பெயர் அதுவானாலும் நடத்தை வேறு. துல்லியமான பொருள், நியாயமான கட்டுமான வழி, இவ்விரண்டைத் தவிர வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லாமை, இதுவே அவர் வழிவந்தோர் நல்ல குறிப்புக்குக் கூறும் இலக்கணம். 1966இல் அவர் எழுதிய நூல் இக்கலைக்கு ஓர் இலக்கண நூலாயிற்று. அவர் வாசகர்களுக்குக் குறிப்பு எழுதும் போட்டியும் நடத்தினார். போட்டி முடிந்ததும், இக்குறிப்பு ஏன் சிறந்தது, அக்குறிப்பு ஏன் குறையுடையது என்று விளக்கும் தாளைப் பங்கேற்றோருக்கு அனுப்பினார். அதாவது, நடுவர் தம் தீர்ப்புக்குக் காரணம் சொன்னார். முத்திரையிட்ட உறைக்கும் இத்தாளுக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

எழுத்துகளின் கணக்கு

ஜிமெனிஸ் கட்டங்களின் அமைப்புக்கும் விதி கூறினார். ஒரு சொல்லில் குறுக்குச் சொற்களால் சரிபார்க்கப்படாத எழுத்துகள் எத்தனை இருக்கலாம் என்று, சொல்லின் நீளத்திற்கேற்ப வரம்பு வைத்தார். இது வெறும் அழகுக்கான விதியன்று. 'பாட்டு–பாட்டி' குழப்பம் எதனால் வந்தது? கடைசிக் கட்டத்தைக் குறுக்கே வெட்டும் சொல் இல்லாததால் வந்தது.

செய்தியியல் கோட்பாட்டை வகுத்த அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன், 1948இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற கட்டுரையில் குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றியும் பேசினார். எந்த எழுத்தை எதனோடு சேர்த்தாலும் சொல்லாகும் மொழி ஒன்று இருந்தால், அதில் எழுத்துகளை எப்படிக் கொட்டினாலும் குறுக்கெழுத்துக் கட்டம் அமைந்துவிடும். ஆனால் அதில் ஓர் எழுத்து தெரிந்தாலும் அடுத்த எழுத்தை ஊகிக்க இயலாது. மாறாக, எழுத்துகள் மிகக் குறைந்த வகைகளிலேயே சேரும் மொழியில் பெரிய கட்டம் அமைக்கவே முடியாது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ பாதியளவு மிகைத்தன்மை உண்டு என்றும், பெரிய கட்டங்கள் அமைய அந்த அளவு சரியாகப் போதும் என்றும் அவர் கணக்கிட்டார். சிதைந்த தந்தியை நாம் திருத்திப் படிக்க முடிவதும், நிரம்பாத கட்டத்தை நிரப்ப முடிவதும் இந்த ஒரே பண்பினால்தான்.

தமிழில் ஒரு கூடுதல் வசதி உண்டு. ஆங்கிலக் கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்று வரும். நம் கட்டத்திலோ 'கா', 'கி', 'கூ' என உயிர்மெய் முழுதாக வந்து அமர்கிறது. நம் எழுத்துகள் 247. எனவே குறுக்குச் சொல் தரும் ஓர் எழுத்து இங்கே விலக்கிவிடும் ஊகங்கள் மிகப் பல. மூன்றாவது சாட்சியின் குரல் தமிழில் இன்னும் உரக்க ஒலிக்கிறது.

அறிவா, அறிந்தவர் கூட்டமா?

"எனக்கு ஆங்கில மறைகுறிப்புப் புதிர் வரவே வராது, அது பெரிய மூளைக்காரர்களின் வேலை" என்று ஒதுங்கும் மாணவர்கள் பலர். சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' நாளிதழிலும் இத்தகைய புதிர் பல்லாண்டுகளாக வெளியாகிறது. தமிழ் வழியில் பயின்ற ஒருவர் அதைத் திறந்து, ஒரு குறிப்பும் புரியாமல் மூடிவைத்தால், குறை அவருடைய அறிவிலா?

இதற்கு உளவியலாளர்களின் ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, நேரான குறிப்புகளைக் கொண்ட சாதாரணக் குறுக்கெழுத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் வெற்றியைத் தீர்மானித்தது பெரும்பாலும் பொது அறிவே. தர்க்கத் திறனின் பங்கு மிகச் சொற்பம். மறைகுறிப்புப் புதிர் விடுவிப்போரை இங்கிலாந்தின் பக்கிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். 805 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், தேர்ந்தவர்களுள் கணிதம், கணிப்பொறி, அறிவியல் துறைகளைச் சேர்ந்தவர்கள் கணிசமாக இருந்தனர். சொற்களின் விளையாட்டில் சொல்லறிஞர்களே முன்னிற்பர் என்று நினைப்போம். ஆனால் குறியீடுகளைப் பிரித்து ஆராயும் பழக்கமுடையோர் அங்கே திரண்டிருந்தனர். புதிர் விடுவித்ததால் அவர்கள் விஞ்ஞானிகள் ஆனார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரே மனப்போக்கு இரண்டு இடங்களுக்கும் அவர்களை அழைத்துச் சென்றிருக்கலாம்.

இங்கேதான் ஆங்கிலப் புதிரின்மீது என் முக்கியமான குற்றச்சாட்டு. விதிகள் எவ்வளவு நியாயமானவை என்றாலும், அதனுள் ஒரு கூட்டத்தாருக்கு மட்டுமே பழக்கமான மரபுகள் மண்டிக்கிடக்கின்றன. கிரிக்கெட் ஆடுகளத்தின் சொற்கள், பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் சுருக்கப் பெயர்கள், பழைய மாலுமிகளின் கொச்சைப் பெயர்கள் முதலியன ஓரெழுத்தாகவும் ஈரெழுத்தாகவும் குறிப்புக்குள் நுழைகின்றன. 'பூ' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 'ஓடுவது' என்று பிரித்து ஆற்றைக் குறிப்பது நல்ல சிலேடை. எவரும் யோசித்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரு படைப்பிரிவின் சுருக்கப் பெயரை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும். டார்க்கெமாடாவின் அலமாரி வீட்டைவிட்டு வெளியேறவில்லை. சிறிய அளவில் இன்னும் மூலையில் நிற்கிறது. ஆகவே அப்புதிர் ஒருவருக்கு வரவில்லை என்றால், அது அவருடைய மூளையைப் பற்றிய தீர்ப்பு ஆகாது.

விதியை மீறிய நல்லவர்

ஜிமெனிஸின் விதிகளை எழுத்துக்கு எழுத்து காத்தால் போதுமா? போதாது என்று காட்டியவர் ஜான் கிரஹாம். 1921இல் பிறந்த இவர் கிறித்தவ மதகுரு. 1958 முதல் 'கார்டியன்' நாளிதழுக்குப் புதிர் அமைத்தார். அராகேரியா என்பது இவருடைய புனைபெயர். தாவரவியல் படித்தோர் அறிவர். அப்பேரினத்தைச் சேர்ந்த சிலி நாட்டு மரத்திற்கு ஆங்கிலத்தில் 'குரங்குப் புதிர் மரம்' என்றே பெயர்! முள்போன்ற இலைகள் நிறைந்த அதன்மேல் ஏறுவது குரங்குக்கும் புதிராக இருக்குமாம்.

அராகேரியா இலக்கண விதிகளைச் சில இடங்களில் தாராளமாகத் தளர்த்தினார். ஆயினும் அவரிடம் ஏமாந்தவர்கள் கோபிக்கவில்லை; சிரித்தார்கள். நான்கு ஆங்கிலச் சொற்களின் 26 எழுத்துகளைக் கலைத்து, ரூபர்ட் புரூக்கின் புகழ்பெற்ற கவிதை ஒன்றின் தலைப்பை அவர் வரவழைத்த குறிப்பு இன்றும் போற்றப்படுகிறது. கலைக்கப்பட்ட சொற்களுள் ஒன்று ஆர்ச்சர் என்ற நாவலாசிரியரின் பெயர். கவிதை பாடிய அதே வீட்டில் வாழ்பவர் அவர். விடை கிடைத்ததும் குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் போய் உட்காருகிறது. விதிகளின் நோக்கமே இதுதான். நோக்கம் நிறைவேறும்போது ஒரு விதி நெகிழ்ந்தால் பாதகமில்லை. நோக்கம் தவறினால் எல்லா விதிகளும் காக்கப்பட்டும் பயனில்லை.

2013 ஜனவரியில் 'கார்டியன்' வெளியிட்ட அவருடைய புதிரின் தலைப்பில் ஒரு முன்குறிப்பு இருந்தது. தமக்கு 19ஆம் எண்ணின் 18 வந்திருப்பதாகவும், அதற்கு 15 அளிக்கப்படுவதாகவும் அவர் எழுதியிருந்தார். கட்டங்களை நிரப்பிச் சென்றவர்களுக்கு ஒவ்வொன்றாக விடைகள் கிடைத்தன. 18, புற்றுநோய். 19, உணவுக்குழாய். 15, நோவு தணிக்கும் சிகிச்சை. தம் முடிவை அவர் தம் வாசகர்களுக்கு அறிவித்த முறை அது. அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார்.

அந்தப் புதிரில் ஒரே ஒரு குறிப்பாவது இருபொருள்பட்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மனிதனின் கடைசிச் செய்தி ஊகமாகப் போயிருக்கும். அவர் தம் வாசகர்களை நம்பினார். பல்லாண்டுகளாக அவர்களை ஏமாற்றாமல் நடந்துகொண்டதால் அவர்களும் அவரை நம்பினர். அதனால்தான் அத்தகைய செய்தியைக் கட்டங்களுக்குள் வைக்க முடிந்தது.

நாம் செய்ய வேண்டியது

சிலேடையும் விடுகதையும் நமக்குப் புதியவை அல்ல. காளமேகப் புலவர் ஒரே பாட்டில் இரு பொருளை அமைத்துக் காட்டியவர். கிராமத்து விடுகதைகள் பலவற்றில் விடை தெரிந்தபின் "அட, ஆமாம்!" என்று சொல்லாதவர் இல்லை. எனவே தமிழில் மறைகுறிப்புப் புதிர் அமைக்க மாணவர்கள் முன்வர வேண்டும். கிரிக்கெட்டும் படைப்பிரிவும் அதற்குத் தேவையில்லை; பள்ளிப் பாடத்திலும் வீட்டுப் பேச்சிலும் உள்ள சொற்களே போதும்.

புதிர் அமைத்ததும் அதை நண்பரிடம் கொடுங்கள். அவர் விடுவித்துவிட்டால் தோற்றதாக எண்ணாதீர்கள். அவருக்கு விடை வராவிட்டால், நீங்களே விடையைச் சொல்லி, அவர் முகத்தைக் கவனியுங்கள். "இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே!" என்றால் உங்கள் புதிர் நல்ல புதிர். "இது எப்படி எனக்குத் தெரியும்?" என்றால் குறிப்பை எடுத்துத் திருத்துங்கள். இந்த ஒரு சோதனையைத் தேர்வு வினா அமைப்போரும் செய்து பார்த்தால், மாணவர்கள் நன்றி சொல்வார்கள்.

முடிவாக உங்களுக்கும் ஒன்று: "கொடு, திருகாணியைச் சுற்றியிருப்பதை, குளத்தில் பூக்கும் (3)". விடைக்காக அடுத்த இதழை எதிர்பார்க்க வேண்டாம். சரியான சொல் கிடைத்ததும், அது சரி என்பதை இக்குறிப்பே உங்களுக்குச் சொல்லிவிடும்.